நாங்க இல்லாத மாதிரி

மாடி ஏறி ரூமெல்லாம் பாக்க நான் வரலைங்க வார்டனம்மா. நீங்க உட்காருங்க. உங்க வேலையைக் கெடுக்கவும் வரலை. ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வான்னு எங்க வீட்டுக்காரர் உள்ளே அனுப்பியிருக்கார். இந்த லேடீஸ் ஹாஸ்டலை நாங்க வாங்கினா நீங்க தொடர்ந்து இங்கேயே இருப்பீங்களா, மாட்டீங்களா. அவ்வளவுதான். இருப்பேன்னு நீங்க சொன்னா வாங்கறோம். இல்லைன்னா இப்படியே பஸ் ஏறிடறோம். கட்டடத்தை நம்பி நாங்க வரலை. உங்களை நம்பித்தான் வந்திருக்கோம்.

உடனே சொல்ல வேண்டாம், யோசிச்சே சொல்லுங்க. அதுக்குள்ள நாங்க எப்படிப்பட்ட ஆளுங்கன்னு உங்களுக்குத் தெரியணும் இல்லைங்களா.

அந்த ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துக்கலாமா? இருங்க, நானே திறந்துக்கறேன். அதோ, எதிர்ல பேக்கரி பெஞ்சில வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்காரே, அவர்தான். நாச்சிமுத்துன்னு பேரு. பக்கத்துல ரெட்டைச் சடை போட்டிருக்கறது எங்க பொண்ணு கோகிலா. ஒரே பொண்ணு. வயசு முப்பதை நெருங்குது. ஆனா மனசுக்கு ஏழெட்டு வயசுதான், அதுக்கு மேல வளராதுன்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டார். பாருங்க, பாருங்க, காசைக் கையில கொடுத்து அவளையே போய் பன் வாங்கிட்டு வரச் சொல்றார். சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார். எப்பவும் அப்படித்தான் திரும்பிக்குவார். நாம பாத்துட்டே இருந்தா அவளுக்குக் காசு எண்ண வராதாம். என்னாலதான் பாக்காம இருக்க முடியலை.

அவரையும் உள்ளே வரச் சொன்னேன். மாட்டேன்னுட்டார். ஒருத்தர் வேலை பாக்கற இடத்துல போய் நின்னுக்கிட்டு மேலேயும் கீழேயும் பாக்கறது மரியாதை இல்லையாம். ஒன்பது வருஷமா அந்த அம்மா ஒத்தை ஆளா நடத்தறாங்க, முதலாளி கனடாவுல இருக்கார், ஒரு போன்கூட வர்றதில்லைன்னு புரோக்கர் சொன்னார். அதைக் கேட்டதுமே இவருக்கு முகம் மலர்ந்துடுச்சு. நமக்கு ஏத்த இடம்னா இதுதான்னார். அவர் சுபாவம் அப்படி. ஒரு தனியார் பஸ்ஸுல பாதி ஆயுசு கண்டக்டரா இருந்தவர். முதலாளியோட மச்சான் ஒருத்தர் திடீர் திடீர்னு வழியில ஏறி சோதனை போடுவாராம். ஒரு நாள் பஸ் நிறைய ஜனம் பாத்துட்டிருக்க, இவர் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொல்லியிருக்கார். இவர் காட்டினார். உள்ளே ஒண்ணும் இல்லை, ரெண்டு பாக்குத்தான் விழுந்துச்சாம். அதை ஒரு குழந்தை பொறுக்கிக் கொடுத்துச்சாம். அன்னிக்கே மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டார், எனக்குன்னு ஒரு தொழில் வந்தா எந்த மனுஷன் முதுகுக்குப் பின்னாடியும் நான் போய் நிக்கமாட்டேன்னு. நிக்கலைங்க. இன்னிக்கு வரைக்கும் நிக்கலை.

என்ன, சிரிக்கறீங்க. இருக்கேன்னு சொல்ல வர்றீங்களா? இருங்க, இருங்க. அவசரப்படாதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. அப்புறம் தெரியாம ஒத்துக்கிட்டோமேன்னு உங்களுக்கு இருக்கக் கூடாது பாருங்க.

அது என்ன சத்தம், மோட்டாரா? ரொம்ப நேரமா ஓடுதே. தண்ணி நிரம்பியிருக்குமே. சுவிட்ச் இதுதானே. சும்மா கரண்டு போகுது பாருங்க. சரி.

எங்க பூமி கொஞ்சம் ரோட்டுக்கு எடுத்துட்டாங்க. அதுல வந்ததை வச்சு ஒரு தொழில் வாங்கணும்னு அவர் சொன்னப்போ, புதுசா ஒண்ணு ஆரம்பிக்கலாமேன்னு நான் கேட்டேன். வேண்டாம், ஏற்கெனவே ஓடிட்டிருக்கறதைத்தான் வாங்கணும், அதுல இருக்கற ஆளுங்களோட சேத்து வாங்கணும், நாம போய் எதையும் தொடக் கூடாதுன்னார். எனக்குப் புரியலை. நான் ஏழாவதோட நின்னவ. கடைன்னு ஒண்ணு வாங்கினா போய் உட்காரணும், நாலு வார்த்தை கேக்கணும், சாயங்காலம் வீட்டுக்கு வரணும். அதுதானே எனக்குத் தெரியும்.

ஒரு நாள் கோகிலாவுக்கு நகம் வெட்டிட்டு இருந்தேன். அப்பத்தான் பக்கத்துல வந்து உட்கார்ந்து சொன்னார்.

"தெய்வானை, முதலாளி நானும் இல்லை நீயும் இல்லை. நமக்கப்புறம் இவதான் முதலாளி. இவ எந்தக் கடையில போய் நின்னு யாரை என்ன கேப்பா? முதலாளின்னு ஒரு ஆள் இல்லாமலே நடக்கணும். அதுல இருக்கறவங்க நல்லவங்களா இருக்கணும். அந்த மாதிரி தொழில்தான் இவளுக்கு ஒத்து வரும். அதனால நாம இப்பவே இல்லாத மாதிரி இருந்து பாத்துடணும். இருக்கும்போது விழுந்தா எடுத்து நிறுத்தலாம். செத்ததுக்கப்புறம் விழுந்தா யாரு நிறுத்துவா?"

கோகிலா கையை அப்படியே பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு கைம்மா, இன்னொரு கைம்மான்னு அவ நீட்டிட்டே இருக்கா. நீங்களே சொல்லுங்க, உசுரோட இருக்கற ஒருத்தி எப்படிங்க செத்த மாதிரி இருந்து பாக்கறது?

ஆனா அவர் சொன்னா நான் மீறமாட்டேன். தலையிடறதே இல்லை. வேணும்னா எங்க ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

முதல்ல வாங்கினது காங்கேயத்துல ஒரு மெஸ். மத்தியானச் சாப்பாடுதான். கோர்ட்டு ஆளுங்க, அரிசி மில்லுக்காரங்க எல்லாம் வருவாங்க. அதை நடத்திட்டிருந்த துரைசாமி அண்ணனுக்கு முட்டி தேய்ஞ்சு போயிடுச்சு, அதனால கொடுத்துட்டார். சமைக்கற மாஸ்டர் இருக்கேன்னார். பரிமாறறவங்க எல்லாரும் இருக்கேன்னாங்க. எங்க வீட்டுக்காரருக்கு சந்தோஷம். ஒரு ஆள்கூட மாறலை, துரைசாமி அண்ணன் மட்டுந்தானே போறார்னார். போற அந்த ஒரு ஆளுக்காகத்தான் ஜனம் வந்திருக்குன்னு அவருக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை.

துரைசாமி அண்ணன் பந்திக்கு நடுவுலயே நடந்துட்டிருப்பாராம். வக்கீலுக்குக் கத்தரிக்காய் ஆகாது, மில்லுக்காரருக்கு சக்கரை, அந்த டைப்பிஸ்ட் பொண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப் போகுதுன்னு எல்லாம் அவருக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களான்னு அவர் குனிஞ்சு கேக்கறதுக்கே வந்திருக்காங்க. நாங்க வாங்கினதுக்கப்புறமும் அதே மாஸ்டர், அதே ரசம்தான். ஆனா குனிஞ்சு கேக்க ஆள் இல்லை. வந்தாங்க, சாப்பிட்டாங்க, போனாங்க. அப்புறம் வர்றது குறைஞ்சுது.

மத்தியானம் மட்டுமாவது போய் நில்லுங்கன்னு இவர்கிட்ட சொல்லிப் பாத்தேன். போகவே இல்லை. அதனால நான் போனேன். தலையிட இல்லைங்க, சும்மா நிக்கத்தான். நான் கெடுதலா ஒரு வார்த்தை பேசலை. இலையில சோத்தை மிச்சம் வச்சுட்டு எந்திரிச்சவங்களை மட்டும் ஏனுங்க வேண்டான்னுட்டீங்கன்னு கேட்டேன். சோத்தை வீணாக்கினா எனக்கு மனசு தாங்காது. அந்த வக்கீலைக்கூட, தின்னு முடிச்சுட்டே எந்திரிங்கன்னு ஒரு உரிமையிலதான் சொன்னேன். அவர் வயசுக்கு எனக்குத் தம்பி மாதிரி. கொஞ்ச நாள்ல அவங்க எல்லாரும் எதிர்த்த கடைக்கு மாறிட்டாங்க. அதுக்கு முன்னாடியே கூட்டம் குறைய ஆரம்பிச்சுடுச்சு. என்னாலன்னு சொல்ல முடியாது.

மெஸ்ஸை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுட்டு அவர் ரொம்ப நாள் யோசிச்சார். முகத்தை நம்பி நடக்கற தொழில் நமக்கு ஆகாது, இனி யார் முகமும் வேண்டாத தொழிலாத்தான் பாக்கணும்னார்.

யாரு இந்தப் பொண்ணு? இப்பத்தான் வர்றியா கண்ணு? மத்தியானம் ஆயிடுச்சே, எங்கே போயிட்டு வர்றே? ஓ, நைட் ஷிப்டா. சரி, சரி, போய்த் தூங்கு. தலைக்கு எண்ணெய் வைக்கறதே இல்லையா, இப்படிப் பறக்குது? செருப்பை இப்படி ஓரமா விடு கண்ணு. ஆங், அப்படி.

நல்ல பொண்ணாட்டம் தெரியுது. உங்களைத் திரும்பிப் பாத்துட்டுத்தான் படி ஏறுது. உங்ககிட்ட அவ்வளவு பயம். நல்லதுதான்.

எங்கே விட்டேன்? ரெண்டாவது வாங்கினது வெள்ளகோயில் ரோட்டுல ஒரு எடை மேடை. நீங்க பாத்திருப்பீங்களே, லாரி வந்து மேல ஏறி நிக்கும். உள்ளே கண்ணாடி ரூம்ல இருக்கறவர் எடையைப் பாத்து சீட்டுக் கொடுப்பார். லாரி போயிடும். முதலாளி கறுப்பா சிவப்பான்னு எந்த லாரிக்காரருக்கும் தெரிய வேண்டியதில்லை. அதுல இன்பராஜ்னு ஒருத்தர் பல வருஷமா இருந்தார். பின்னாடியே ஒரு ரூம், அதுலயே தங்கிக்குவார். பொய் எடை போடமாட்டார். அந்த ரோட்டுல அவர் கொடுத்த சீட்டுன்னா மறு பேச்சு இல்லை. எங்க வீட்டுக்காரர் போய் அவர்கிட்ட இதே கேள்வியைத்தான் கேட்டார். இருக்கேங்கண்ணான்னார். வாங்கினோம்.

அந்த ஒரு வருஷத்தை நினைச்சா இப்பவும் மனசு குளிரும். நாங்க அந்தப் பக்கமே போகலை. என்கிட்ட கோகிலா தலைமேல கை வச்சு சத்தியம் வாங்கியிருந்தார், அங்கே கால் வைக்கக் கூடாதுன்னு. மாசமானா கோகிலா பேர்ல பாங்கியில பணம் விழுந்துடும். பாத்தியா, நாம செத்து ஒரு வருஷமாச்சு, ஒண்ணும் நிக்கலைன்னு சிரிப்பார். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. ஆனா அவர் ராத்திரி நிம்மதியாத் தூங்கினது அந்த வருஷந்தான்.

அப்புறம் ஒரு நாள் இன்பராஜ் எங்க வீட்டு கேட்டுக்கு முன்னாடி வந்து நின்னார். ஒரு கண்ணு முழுசா வீங்கி மூடியிருக்கு. எடையைக் கூட்டிப் போடச் சொல்லியிருக்கான் ஒரு லாரிக்காரன், இவர் மாட்டேன்னிருக்கார், கண்ணாடி ரூமுக்குள்ள வந்து அடிச்சுட்டான். அண்ணனைப் பாக்கணும்னார். எங்க வீட்டுக்காரர் வெளியே வந்து அவர் தோள்மேல கை வச்சார். வச்சுட்டு என்ன சொன்னார் தெரியுங்களா?

"போலீசுக்குப் போறதா வேண்டாமான்னு நீதான் முடிவு பண்ணணும் இன்பராஜு. நான் வந்து நின்னா உன் மேல நம்பிக்கை இல்லைன்னு ஆயிடும்."

மரியாதையாத்தான் சொன்னார். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அந்த மனுஷன் ஒத்தைக் கண்ணுல அவரையே பாத்துட்டு நின்னார் பாருங்க, எனக்குப் பொறுக்கலை. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். திரும்பி வந்து இவர்கிட்ட கேட்டேன், நாம செத்திருந்தாக்கூட ஆவியா வந்து ஒரு வார்த்தை கேட்டிருப்போமே, இப்படியா விடறதுன்னு. கோகிலாகிட்ட வந்து அடிபட்டு நின்னா அவ என்ன பண்ணுவாளோ அதைத்தான் நான் பண்ணினேன்னு சொன்னார்.

அதுக்கப்புறம்தாங்க நான் அந்தக் கண்ணாடி ரூம்ல ஆளை விட்டு ஒரு கேமரா வச்சேன். இன்பராஜோட பாதுகாப்புக்குத்தான். அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் வச்சேன், எங்க வீட்டுக்காரர்கிட்டதான் சொல்லலை. கால் வைக்கக் கூடாதுன்னுதானே சத்தியம். கண்ணைப் பத்திப் பேச்சே இல்லை. போன்லயே பாக்கலாம்னு கேமராக் கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். அடுப்புல சோறு கொதிச்சுட்டிருக்கும், நான் போனை உப்பு டப்பாமேல சாய்ச்சு வச்சுட்டுப் பாத்துட்டிருப்பேன். கோகிலாவும் வந்து உட்கார்ந்துக்குவா. இன்பாண்ணன் டிவின்னு பேரு வச்சா. அவர் தலை சொறிஞ்சா சிரிப்பா.

அந்த மனுஷன் வேளைக்குச் சாப்பிடவே மாட்டார். பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது? போன் போட்டு, தம்பி, மணி ரெண்டாச்சே, இன்னும் இலையைப் பிரிக்கலியேம்பேன். கொட்டாவி விட்டார்னா, ராத்திரி தூங்கலியான்னு கேப்பேன். நீலச் சட்டை போட்டுட்டு ஒருத்தர் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தா அது யாருன்னு கேப்பேன். யாரோ அவங்க மாமா பையனாம். கேட்டதுல என்ன தப்பு? அவங்க அம்மா இருந்தா கேக்கமாட்டாங்களா? வேலையைப் பத்தி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு வார்த்தை.

திடீர்னு ஒரு நாள் போன்ல வெறும் சுவர் தெரியுது. சத்தியத்தை ஒரு ஓரமா வச்சுட்டு ஓடினேன், என்னமோ ஏதோன்னு. தூசி தட்டும்போது திரும்பிடுச்சுங்கக்கான்னார். திருப்பி வச்சுட்டு வந்தேன். மறுநாள் மறுபடியும் சுவர். கோகிலா அந்தச் சுவரையே உட்கார்ந்து பாத்துட்டிருந்தா, அண்ணன் வருவான்னு.

அந்த மாசக் கடைசியில அவர் வந்து கணக்கு முடிச்சுக்கறேன்னார். எங்க வீட்டுக்காரர் ஆடிப் போயிட்டார். சம்பளம் போதலியா, அந்த லாரிக்காரன் மறுபடியும் வந்தானான்னு கேக்கறார். இன்பராஜ் தலையைக் குனிஞ்சுட்டே சொன்னார்.

"அண்ணன்னு ஒருத்தர் இருக்காரான்னே எனக்குத் தெரியலைங்க. அக்கா இல்லாத நேரம் எதுன்னும் தெரியலை."

நான் அதைப் பெருமையாத்தான் எடுத்துக்கிட்டேன். இவர்தான் கேமராவைப் பத்தி விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டார். திட்டுவார்னு பாத்தேன். திட்டலை. அந்த பஸ் முதலாளி மச்சான் என் பாக்கெட்டைத்தான் பாத்தான், நீ இன்பராஜோட கொட்டாவி வரைக்கும் பாத்திருக்கியேன்னு மட்டும் சொன்னார். சொல்லிட்டு சாப்பிடாம போய்ப் படுத்துட்டார். ஒரு மனுஷனைப் பசியோட பாக்கக் கூடாதுன்னு நினைக்கறது குத்தமாங்க? நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்புறம் வேற ஆளுங்களைப் போட்டோம். ஒருத்தன் காசு வாங்கிட்டு எடையைக் கூட்டிக் குறைச்சுச் சீட்டுக் கொடுத்தான். அப்பக்கூட இவர் போய்ப் பாக்கலை. இன்பராஜ் சேத்து வச்ச பேரு கெட்டதும் லாரி எல்லாம் அடுத்த மேடைக்குப் போயிடுச்சு. அதையும் விட்டோம்.

இப்பக் கையில இருக்கறதுக்கு இந்த ஹாஸ்டல் மட்டுந்தான் வரும். இதுதான் கடைசின்னு சொல்லிட்டார். இது அமையலைன்னா, இருக்கற பணத்தை இவ மாதிரிப் பொண்ணுங்களை வச்சுப் பாத்துக்கற ஒரு இல்லத்துல கட்டிட்டு கோகிலாவை அங்கே சேத்துடறதுன்னு பேசி வச்சிருக்கார். வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்களுக்குச் சொல்லணும். நாங்க போய்ப் பாத்தோம். குறை சொல்றதுக்கு இல்லைங்க, சுத்தமா இருக்கு, நல்லாத்தான் பேசறாங்க. ஆனா எல்லாப் பொண்ணுங்களுக்கும் முடியை ஒட்ட வெட்டியிருக்காங்க. பேன் வருமாம், யாரு உட்கார்ந்து வாரி விடறது. கோகிலா ஒரு பொண்ணு தலையைத் தடவித் தடவிப் பாத்தா. பாத்துட்டு தன் சடை ரெண்டையும் முன்னால எடுத்துக் கையில பிடிச்சுக்கிட்டா. வீடு வர்ற வரைக்கும் பஸ்ஸுல விடவே இல்லை.

இதை முதல்லயே உங்ககிட்ட சொல்லணும்னு அவர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். பேச்சுல எங்கேயோ போயிட்டேன். ஹாஸ்டலோட சேந்து கோகிலாவும் வருவாளுங்க. கீழே ஒரு ரூம் போதும். துணி மடிப்பா, வெங்காயம் உரிப்பா, யாரையும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசத் தெரியாது. நாங்க இருக்கற வரைக்கும் இல்லைங்க. அதுக்கப்புறமும். அதனாலதான் அந்த ஒரே கேள்வி. முதலாளின்னு ஒரு ஆளைச் சுமக்கறது உங்களுக்குப் புதுசு இல்லைன்னு அவர் சொல்றார். கனடாக்காரரைச் சுமக்கலியா, அந்த மாதிரிங்கறார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். உங்களுக்கும் வயசாகும், நீங்களும் ஒரு நாள் போவீங்க, எனக்குத் தெரியாம இல்லை. ஆனாலும் இன்னிக்கு ஒருத்தர் இருக்கேன்னு சொன்னா இன்னிக்கு ராத்திரி தூங்கலாம் பாருங்க.

நீங்க அழறீங்களா? இல்லையா. சரி. தலையாட்டறீங்க. வார்டனம்மா, நீங்க தலையாட்டினதை நான் பாத்துட்டேன். அந்தச் சாமி உங்களை நல்லா வைக்கட்டும். தண்ணி குடிங்க.

அவர் தலையிடமாட்டார், அதை எழுதியே வேணும்னாலும் கொடுப்பார். நானும் அப்படித்தான். என்னால உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. வாரத்துல ரெண்டு நாள் வருவேன், ஹாஸ்டலைப் பாக்க இல்லைங்க, கோகிலாவைப் பாக்க. வர்ற அன்னிக்கு அவ ரூம்லயே ஒரு பாய் போட்டுப் படுத்துக்குவேன். உள்ளே வரும்போது சமையல்கட்டை ஒரு எட்டுப் பாத்தேன், சாம்பார்ல உப்பு பத்தலை, ஒரு கை போட்டுட்டு வந்தேன். சமைக்கறவங்ககிட்ட சொல்லிடுங்க, அவங்க மறுபடியும் போட்டுடப் போறாங்க. இந்தப் பொண்ணுங்க வர்ற போற நேரம் மட்டும் எனக்கு ஒரு வார்த்தை போன்ல சொல்லிட்டீங்கன்னா போதும், கோகிலா இருக்கற இடம் பாருங்க, யாரு வர்றாங்க யாரு போறாங்கன்னு தெரியணும் இல்லையா. கேமரா எல்லாம் வைக்கமாட்டேன். அது முடிஞ்சு போன கதை. இந்த ஹால்ல ஒண்ணு, அவ ரூம் வாசல்ல ஒண்ணு, அவ்வளவுதான். நீங்க உட்கார்ற இந்த மேஜை தெரியற மாதிரி வச்சா உங்களுக்கும் ஒரு துணையா இருக்கும், ஒத்தையில இருக்கறவங்க. இன்பராஜுக்கு அது கடைசி வரைக்கும் புரியலை. நீங்க பொம்பளை, உங்களுக்குப் புரியும்.

எங்கே எந்திரிச்சுட்டீங்க? எனக்கு டீ எல்லாம் வேண்டாங்க.

இது என்ன, சாவிக் கொத்தா? அம்மாடி, என்ன கனம். எல்லா ரூமோட சாவியும் இதுல இருக்குங்களா. ஸ்டோர் ரூம், கேட்டு, மாடிக் கதவு. சிவப்பு நூல் கட்டினது கேஸ் ரூம். சரி. என்கிட்டயே கொடுக்கறீங்களா. நானே வச்சுக்கிட்டா நல்லதுன்னு சொல்றீங்க. நானே பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டா இன்னும் நல்லதுங்கறீங்க. பாருங்க, இன்பராஜ் அத்தனை மாசம் ஒரு டிராயர் சாவியைக்கூட என்கிட்ட நீட்டினதில்லை. பாத்து அரை மணி நேரம் ஆகலை, நீங்க என்னை இவ்வளவு நம்பிட்டீங்க. இருங்க, அவருக்குப் போன்ல சொல்லிடறேன். அந்த மனுஷன் வெயில்ல உட்கார்ந்துட்டு இருக்கார்.

ஏனுங்க, நான்தான். முடிஞ்சுதுங்க. ஆமா, கேட்டுட்டேன். கோகிலாவைப் பத்தியும் சொல்லிட்டேன், எல்லாத்தையும் சொல்லிட்டேன். தலையாட்டினாங்க. நம்ம நேரம் நல்லா இருக்குங்க, நான் கேக்கவே இல்லை, அவங்களாவே சாவியைக் கூட எடுத்துட்டு வந்துட்டாங்க. என்ன? சத்தமாச் சொல்லுங்க, லாரி போகுது. சாவியா? சாவி இப்ப என் கையிலதாங்க இருக்கு. என் கையில. எல்லாச் சாவியும். இருக்கேன்னு வாயாலயா? வாயால சொல்லலை. அதான் சாவியையே கொடுத்துட்டாங்களே, அப்புறம் என்ன. ஏனுங்க. ஏனுங்க, இருக்கீங்களா?

வச்சுட்டார்.

எந்திரிக்கறார் பாருங்க. கோகிலாகிட்ட என்னமோ சொல்றார். அவ பன்னை இன்னும் முழுசாத் தின்னலை, எதுக்கு இழுக்கறார். கையைப் பிடிச்சுட்டார். ரோட்டைத் தாண்டி இங்கேதான் வர்றாங்களா? இல்லையே. அந்தப் பக்கம்தானுங்களே பஸ் ஸ்டாப்பு? நம்மளைத் திரும்பியே பாக்கலை.

வார்டனம்மா, இதை நீங்களே வச்சுக்குங்க. நீங்க கொடுத்தீங்கன்னு வாங்கினேன், நானாக் கேக்கலை, அது உங்களுக்கே தெரியும். நான் தொடவே இல்லைன்னு வச்சுக்குங்க. வாரத்துல ரெண்டு நாள் எல்லாம் வரலை. மாசத்துக்கு ஒரு தடவை வர்றேன், வெளியிலயே நின்னுக்கறேன், அந்த பேக்கரியில நின்னு அவளைப் பாத்துட்டுப் போயிடறேன். வேண்டான்னா அதுவும் இல்லை. ஏன் கையைப் பின்னாடி கட்டிக்கறீங்க? மேஜைமேல வைக்கமாட்டேன், மேஜைமேல வச்சா வச்சபடி கிடக்கும். உங்க கையிலதான் கொடுப்பேன். அவர் பஸ் ஏறறதுக்குள்ள நீங்க இருக்கீங்கன்னு நான் ஓடிப் போய்ச் சொல்லணும்.

கையை நீட்டுங்க வார்டனம்மா. கொஞ்சம் கையை நீட்டுங்க.